ஒரு குடும்பம் போனது, மூன்று குடும்பங்கள் திரும்பின

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமம். மழை விட்ட ஒரு மார்கழிக் காலையில் ஒரு தாயின் வளவில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அரை ஏக்கர் வளவு. நடுவில் வீட்டுத் திட்டத்தில் கட்டிய கல்வீடு. வேலிக்கரையில் ஒரு தகரக் கொட்டில், கிணற்றடியில் இன்னொன்று. கல்வீட்டில் தாயும் கடைசி மகனும் இருக்கிறார்கள். கொட்டில்களில் மணமுடித்த இரு பெண்பிள்ளைகளின் குடும்பங்கள்.

2008ஆம் ஆண்டு ஊரைவிட்டு எழும்பியபோது இவர்கள் ஒரே குடும்பம். இடம்விட்டு இடம் ஓடிய நாட்களில் மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தது. மெனிக் பாம் முகாமில் இளையவளுக்கு நடந்தது. 2010இல் ஊர் திரும்பியபோது மூன்று அடுப்புகள்.

"ஒரு குடும்பமாப் போனம் ஐயா, மூண்டு குடும்பமா வந்து நிக்கிறம். சனம் பெருகினது, காணி பெருகேல்லையே" என்றார் அந்தத் தாய்.

இந்த ஒரு வசனத்துக்குள் எமது மீள்குடியேற்றத்தின் பெரிய குறை அடங்கியிருக்கிறது. வீடு இழந்தவர்களுக்கு வீடு கொடுப்பது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒருநாளும் சொந்த வீடு இல்லாதிருந்த பிள்ளைகள், அதாவது இடப்பெயர்வின்போது வளர்ந்து, இடப்பெயர்விலேயே மணமுடித்தவர்கள், தமது முதலாவது வீட்டை எங்கே, எந்தக் காசில் கட்டுவது என்பதைப் பற்றிப் போதியளவு பேசவில்லை. இன்று அவர்களுக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கொட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவர்களுக்கு முதலில் வேண்டியது வீட்டுத் திட்டமுமல்ல, கடனுமல்ல. தமது பெயரில் எழுதப்பட்ட ஒரு துண்டுக் காணி. காணி கிடைத்தபின்னரே வீடு. வீட்டையும் முடிக்கக்கூடிய அளவிலேயே தொடங்க வேண்டும். இதுவே என் கருத்து. இந்த ஒழுங்கு தலைகீழான இடங்களிலெல்லாம் குடும்பங்கள் கடனில் விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்படி விழுந்த ஒரு குடும்பத்துக்குப் பிழையான புத்தி சொன்னவர்களில் நானும் ஒருவன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

திட்டங்களின் கண்ணுக்குத் தெரியாதவர்கள்

போருக்குப் பின் வந்த வீட்டுத் திட்டங்களில் மிகப் பெரியது 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். அவற்றில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. 2012இலிருந்து, மக்கள் தாமே கட்டும் முறையில், புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் கட்டங்கட்டமாக அவர்களது வங்கிக் கணக்கில் இடப்பட்டன. அந்த உதவியால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தறப்பாளுக்குள்ளிருந்து வெளியே வந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அந்தத் திட்டத்துக்கும், அதன் முன்னும் பின்னும் வந்த திட்டங்களுக்கும் ஒரு வாசற்படி இருந்தது. காணிக்குப் பத்திரம் வேண்டும். இல்லாவிடில் பிரதேச செயலகம் அந்தக் காணியில் உமது இருப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். காணியில்லாதவன் அந்தப் படியைத் தாண்ட முடியாது. பயனாளிகளைப் புள்ளியிட்டுத் தெரிவு செய்தபோது, தங்கியிருப்போர் தொகைக்கும் புள்ளி இருந்தது. புதிதாக மணமுடித்த தம்பதியரும், தனித்து வாழும் முதியவர்களும் பட்டியலின் அடியிலே கிடந்தார்கள். புதுத் தம்பதியருக்குப் பிள்ளைகள் பிறந்து புள்ளி கூடியபோது திட்டம் முடிந்துவிட்டது.

இன்னொரு கூட்டமும் உண்டு. 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள். அவர்களிற் பலர் வேறொருவருக்கு எழுதப்பட்ட காணியிலோ, எவர் பெயரிலும் எழுதப்படாத அரச காணியிலோ குடியிருந்து, கூலிக்கு வயல் செய்து வந்தவர்கள். மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் இருந்தும், "உமது காணிப் பத்திரம் எங்கே?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. காணி உள்ளவனுக்கு வீடு என்றால், இல்லாதவனின் வறுமை இரட்டிப்பாகிறது.

சொந்தக் காணி இருந்தும் அதில் கால்வைக்க முடியாதவர்களையும் மறக்கலாகாது. 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் மக்கள் மலங்காட்டில் கொட்டில் போட்டு இருந்தார்கள். கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் தமது காணியின் வாசலிலேயே இரவுபகலாக அமர்ந்து போராடினார்கள். வேறு இடங்களில், நீண்டகாலம் ஆளில்லாமற் கிடந்து காடேறிய வயல்களிலும் தோட்டங்களிலும் வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் நிற்கின்றன. மாற்றுக் காணியில் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால் இவர்களது வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. கமக்காரனுக்கு வளவு மட்டும் போதாது. வயலும் மேய்ச்சல் தரையும் குளமும் சேர்ந்ததே அவனுக்கு ஊர்.

பேமிற் காணியும் ஒற்றைப் பின்னுரித்தும்

"தாயின் அரை ஏக்கரை மூன்றாகப் பிரித்தால் என்ன?" என்று வாசகர் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் உறுதிக் காணியென்றால் பிரிப்பார்கள். அரை ஏக்கர் எட்டுப் பரப்பு. மூன்று வீடு தாராளமாக நிற்கும். ஆனால் வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை பேமிற் காணிகள். அதாவது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கொடுக்கப்பட்டவை. பத்திரத்தில் குறித்த ஆகக்குறைந்த அளவுக்குக் கீழே அவற்றைத் துண்டாட முடியாது. ஆகவே சிறிய குடியிருப்புக் காணி நடைமுறையில் ஒரு பின்னுரித்தாளருக்கே போகிறது.

இந்தச் சட்டம் கமக்காரனின் காணி கடன்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு வந்தது. அந்தக் காவல் இன்றும் வேண்டும். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் காணிக்காரர். இருவர் சட்டத்தின் கண்ணில் காணியற்றவர். பின்னுரித்தாளர் எவரும் நியமிக்கப்படாமல் பெற்றோர் இறந்தால், பழைய சட்டவிதி ஆண்மக்களைப் பெண்மக்களுக்கு முன்னே நிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது. இது பெண்பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. ஆனாலும் காணி ஒன்றுதான்.

ஆகவே பேமிற் காணி வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா? போரில் இறந்தவரின் பெயர் இன்னும் அதிலே இருக்கிறதா? பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தீர்களா? போரினால் எழுந்த அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கென்றே 2013இல் காணி ஆணையாளர் நாயகம் 2013/01 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டார். அன்று படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பதிலில்லாமல் இருப்போர் அநேகர். படிவத்தின் பிரதியோடு போய், "எனது விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட கேள்விக்கு வாயால்தான் பதில் வரும்.

காணியற்ற பிள்ளைகளுக்கான சட்டவழி காணிக் கச்சேரி. அரச காணி பகிரப்படும்போது, காணியற்றோரிடம் விண்ணப்பம் பெற்று, நேரில் விசாரித்துத் தெரிவு செய்வதே அதன் நோக்கம். அதை எமது பிரதேசங்களில் ஒழுங்காக நடத்தும்படி கேட்பது பிச்சை கேட்பதல்ல. அதற்குமுன் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, ஊரில் காணியற்ற குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பெற்றோர் வளவில் கொட்டிலில் இருப்போர், உறவினர் வீட்டில் ஒட்டியிருப்போர், வாடகைக்கு இருப்போர் எல்லோரும் அதில் வரவேண்டும். பட்டியல் இல்லாத ஊரில் "காணியற்றோர் எவருமில்லை" என்றே அறிக்கை போகும்.

விலைக்கு வாங்குவோர் கவனிக்க

சிலர் கூலி வேலை செய்து, நகையை விற்று, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசைச் சேர்த்துத் துண்டுக் காணி வாங்குகிறார்கள். அந்தக் காசு ஒருமுறை போனால் திரும்பி வராது. ஆகவே மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பேமிற் காணியை வெள்ளைக் கடுதாசியில் எழுதி வாங்காதீர்கள். விற்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் கையொப்பம் வைக்கலாம். அனுமதியின்றிச் செய்யும் அந்தக் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது. நாளைக்கு அவரது மகன் வந்து "எழும்பு" என்றால் நீங்கள் கட்டிய வீட்டோடு எழும்ப வேண்டிவரும். உறுதிக் காணியானாலும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு முடித்த உறுதியே காணி விற்பனைக்குச் செல்லுபடியாகும். உறுதி முடிக்குமுன் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் முந்திய கைமாற்றங்களையும் ஈடுகளையும் பார்ப்பித்துக் கொள்ளுங்கள். பிரிபடாத பங்குக் காணியானால் மற்றப் பங்காளர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். தேசவழமையில் அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு.

இரண்டாவது, காணியைக் கோடையில் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். ஆவணியில் எல்லா நிலமும் மேட்டுநிலந்தான். கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். வெள்ளம் எங்கே நிற்கிறது, எந்த வழியால் வடிகிறது என்பது தெரியும். 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதை அங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். மாரியில் பார்த்தபின் கோடையில் அயல் வளவுக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். மலிவான காணி ஏன் மலிவு என்பதற்கு இந்த இரண்டு பயணமும் பதில் சொல்லும்.

மூன்றாவது, உறுதியில் கணவன், மனைவி இருவரது பெயரையும் போடுங்கள். சீதனமாக வரும் காணி பெண்ணுக்குரியது என்றாலும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போன பெண்கள் இதனால் எவ்வளவு அலைந்தார்கள் என்பது நாமறிந்ததே. அத்தகைய நிலையில் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வழியுண்டு. இதைப் பல சகோதரிகள் அறியாமலே காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

கடன் என்னும் இரண்டாவது இடப்பெயர்வு

காணி கிடைத்தாயிற்று. இனிக் காசு. அரச வங்கிக்குப் போனால் சம்பளப் பத்திரம் கேட்பார்கள். பிணைக்கு அரச உத்தியோகத்தர் இருவரைக் கேட்பார்கள். கமக்காரனிடம் சம்பளப் பத்திரம் ஏது? பேமிற் காணியை விரும்பியவரிடம் ஈடுவைக்கவும் முடியாது. ஆகவே வங்கிக் கதவு பாதிதான் திறக்கிறது. அந்த நேரம் பார்த்து, கேளாமலே கடன் தர ஒருவர் மோட்டார் சைக்கிளில் படலைக்கு வருகிறார். உறுதி வேண்டாம், பிணை வேண்டாம்; ஐந்து பெண்கள் குழுவாகக் கையொப்பம் வைத்தால் போதும்.

இந்த நுண்கடன் எமது பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. தொழிலுக்கென்று எடுத்த கடன் வீட்டுக் கூரைக்குப் போனது. கூரை வருமானம் தராது. தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை வந்தது. முதற்கடனை அடைக்க இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது. கடன்காரருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுப் பக்கம் ஒளிந்திருந்த பெண்களை நான் அறிவேன். செல்லுக்குப் பயந்து ஓடியவர்கள் தவணைக்குப் பயந்து ஓடினார்கள். இதைத்தான் இரண்டாவது இடப்பெயர்வு என்கிறேன்.

கடன் எடுக்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இலட்சம் ரூபா கடன், மாதம் இரண்டு ரூபா வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று சொல்வார்கள். வட்டி 24,000. ஆகவே ஆண்டுக்கு 24 வீதம் என்று நாம் எண்ணுவோம். ஆனால் ஓர் இலட்சமும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். ஆறாம் மாதம் முடிய அரைவாசி முதல் போய்விடும். வட்டியோ முழு இலட்சத்துக்கும் எழுதப்படுகிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 40 வீதத்துக்கு மேற்பட்ட வட்டி. "குறைந்து செல்லும் நிலுவைக்கா வட்டி, எடுத்த முழுத் தொகைக்கா வட்டி?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் கடன் வேண்டாம்.

கமக்காரனின் காசு கிழமைக்குக் கிழமை வருவதல்ல. காலபோகம் அரிவு வெட்டி மாசி, பங்குனியில் ஒருமுறை. தண்ணீர்ப் பங்கு கிடைத்தால் சிறுபோகத்தின் பின் இன்னொருமுறை. ஆகவே அவனுக்குரிய வீட்டுக் கடன் போகத்துக்குப் போகம் கட்டும் கடனாக இருக்க வேண்டும். பயிர் அழிந்த ஆண்டில் தவணை தள்ளிப்போக இடமிருக்க வேண்டும். இதைச் செய்யக்கூடியவை ஊரை அறிந்த சங்கங்களே. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் எமது பகுதிகளில் பல இடங்களில் பெயரளவில் இருக்கின்றன. அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு சிறு தொகை சேமித்து, அந்தச் சேமிப்பின் அளவைப் பார்த்துக் கடன் எடுத்தவர்கள் விழுந்ததைவிட எழுந்ததே அதிகம்.

சீட்டும் எமது பழைய வழி. இருபது பேர் மாதம் ஐயாயிரம் போட்டால் மாதம் ஓர் இலட்சம் ஒருவர் கைக்கு வரும். ஒரு கூரையின் மரமும் தகரமும் அதில் பெரும்பங்கு ஏறிவிடும். ஆனால் ஏலத்தில் கூறிக் கழிவு கொடுத்து எடுக்கும் சீட்டு அவசரக்காரனைத் தண்டிக்கும். வீட்டுக்கான சீட்டைக் குலுக்கலிலோ தேவையின் ஒழுங்கிலோ கொடுங்கள். பிடிப்பவர் ஊரில் நிலையாக இருப்பவராகவும், கணக்குக் கொப்பியை எல்லோருக்கும் காட்டுபவராகவும் இருக்கட்டும்.

புல் மூடிய அத்திவாரம்

முன்னர் சொன்ன எனது பிழைக்கு இப்போது வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதிக்கு வீட்டு உதவி கிடைத்தது. இரண்டு அறை, விறாந்தை, குசினி என்று படம் வந்தது. பெடியன் சொன்னான்: "ஐயா, ஒரு அறையும் குசினியும் முதல் கட்டுவம், மிச்சத்தைப் பிறகு பாப்பம்." நான் சொன்னேன்: "தம்பி, கிடைக்கும்போது பெரிதாகப் போட்டுவிடு, பிறகு யார் தரப்போகிறார்கள்?" பெரிய அத்திவாரம் போட்டான். ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டக் காசு வரும். முடிப்பதற்கு மனைவியின் நகையை அடைவு வைத்தான். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது 2019 முடிவில் ஆட்சி மாறியது. மீதிக் காசு வரவில்லை. வடக்குக் கிழக்கில் அன்று அப்படி அரைகுறையாய் நின்றவை ஒன்று இரண்டல்ல. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூடை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. நகை மூழ்கிப் போனது. அந்த அத்திவாரத்தின் அரைவாசியில் இன்றும் புல் மூடிக் கிடக்கிறது. அவனுடைய புத்தியே சரி, என்னுடையது பிழை.

இதிலிருந்து நான் படித்தது இதுதான். முதலாவது வீடு முடிக்கக்கூடிய வீடாக இருக்க வேண்டும். கையிலுள்ள காசுக்கு ஓர் அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம், மேலே முழுக் கூரை. பூட்டக்கூடிய கதவு. ஒரு பக்கச் சுவரில் நாளைக்கு அறை சேர்ப்பதற்கு ஏற்ற இடம். அடுத்த போகத்தில் ஒரு பத்தி இறக்கலாம். அதற்கடுத்த ஆண்டு விறாந்தை போடலாம். எமது பாட்டன்மார் வீடு வளர்ந்தது இப்படித்தான். அரைகுறைப் பெரிய வீட்டில் பாம்பும் மழையும் குடியிருக்கும். முடித்த சின்ன வீட்டில் பிள்ளை இருந்து படிக்கும்.

செலவில் ஒரு பங்கைக் கைவேலையால் குறைக்கலாம். வளவிலேயே கல் அரியலாம். அயலிலுள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, இந்தக் கிழமை உன் வீட்டு அத்திவாரம், அடுத்த கிழமை என் வீட்டு அத்திவாரம் என்று முறைவைத்து வெட்டலாம். சீமெந்தையும் மணலையும் ஒரே லொறியில் இறக்கினால் ஏற்றுகூலி பங்குபடும். மேசனுக்கு நாட்கூலியா, ஒப்பந்தமா என்பதைத் தொடங்குமுன் எழுதிக் கொள்ளுங்கள். அவர் வேலையை நிறுத்திவிட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் அதில் எழுதுங்கள்.

மக்கள் தாமே கட்டுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம், அரசு கட்டிக் கொடுப்பதைவிட மக்கள் கட்ட அரசு சிறு கடனோடு துணைநிற்பதே நல்லது என்ற எண்ணத்தில் எழுந்தது. 2016இல் எமக்கென்று 65,000 பொருத்து வீடுகள் கொண்டுவரப் புறப்பட்டார்கள். வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. இந்தியத் திட்டத்தில் ஒரு கல்வீட்டுக்குக் கொடுத்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எமது வெயிலுக்கு இரும்புச் சுவர் ஏன், எமது மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை எங்கே என்று மக்கள் கேட்டார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வீடு இல்லாதவனுக்கும் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்டு என்பதை அன்று நிலைநாட்டினோம். அந்த உரிமையை இப்போது காணிக்காகவும் பயன்படுத்த வேண்டும்.

எங்கே தொடங்குவது?

"அரச காணிக்கும் ஓர் எல்லை உண்டு, எல்லோருக்கும் கொடுத்தால் காடு என்னாவது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புதிய காட்டை வெட்டும்படி நான் சொல்லவில்லை. போருக்கு முன் பயிர்செய்த நிலத்தை முதலில் விடுவியுங்கள். ஆளில்லாமலும் பயிரில்லாமலும் பல்லாண்டாகக் கிடக்கும் குத்தகைக் காணிகளையும் அரச பண்ணைக் காணிகளையும் கணக்கெடுங்கள். ஒரு குடும்பத்தின் வீட்டுக்கும் கிணற்றுக்கும் சிறு தோட்டத்துக்கும் கால் ஏக்கர் போதும். ஒரு கிராமத்தில் முப்பது காணியற்ற குடும்பங்கள் இருந்தால் தேவை எட்டு ஏக்கருக்குக் குறைவு. இதற்காக நாட்டின் காடு அழியப் போவதில்லை.

எமது சமய நிறுவனங்களுக்கும் ஒரு கேள்வியுண்டு. தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் சொந்தமான காணிகளில் பல குடும்பங்கள் நீண்டகாலமாகக் குடியிருக்கின்றன. எவரும் அவர்களை எழுப்பவில்லை, அது நன்று. ஆனால் கையில் எழுத்து இல்லாதபடியால் எந்த வீட்டு உதவிக்கும் அவர்கள் தகுதி பெறுவதில்லை. எமது இரக்கமே அவர்களுக்குத் தடையாகிவிடுகிறது. உறுதி எழுதிக் கொடுக்க முடியாவிட்டால், பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையாவது கொடுக்கலாம் அல்லவா? அரசிடம் காணி கேட்கும் நாம் இந்தக் கணக்கை எமது வீட்டிலிருந்தே தொடங்குவது முறை.

வாசகர்களே, "திட்டம் வரும்" என்று காத்திருந்த காலம் போதும். இந்த மாதம் உங்கள் ஊரில் ஒரு கூட்டம் வையுங்கள். பிள்ளைகளின் குடும்பம், கொட்டிலில் இருக்கும் குடும்பம், பத்திரமில்லாத குடும்பம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன் ஒரு பிரதி கிராம அலுவலருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று உங்கள் சங்கத்துக்கு. கொடுத்த திகதியைப் போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று மாதத்தின் பின் அதே கொப்பியோடு திரும்பப் போங்கள்.

அந்தத் தாயின் வளவில், கிணற்றடிக் கொட்டிலில் இருக்கும் இளைய மகள் கதிகால் போட்டு ஒரு சின்ன வேலி கட்டியிருந்தாள். "இது எங்கட எல்லை எண்டு பிள்ளையளுக்குக் காட்டத்தான்" என்றாள். அந்த வேலிக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அவளுடைய பெயர் எழுதிய ஒரு பத்திரம் அவள் கைக்கு வரும் நாளில்தான் அந்தக் குடும்பம் உண்மையில் ஊர் திரும்பியதாக நாம் சொல்லலாம்.